திருப்பி மாட்டிய கியர்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், தகரம் போட்ட ஒரு சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பேச்சும் வராது. வண்டி விட வருகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் ஸ்பேனரைப் பார்த்துத் தலையாட்டுவேன். வேலை சுத்தமாக இருந்ததால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

என் வாடிக்கைக்காரர்களில் ஒருவர் பெங்களூர்க்காரர். இங்கே ஒரு கம்பெனியில் பயிற்சி இன்ஜினியர். பந்தயம் பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகி, தன் பைக்கின் கால் வைக்கும் கம்பியை ஏற்கெனவே பின்னால் தள்ளி மாட்டியிருந்தார். பெங்களூர்ப் பழக்கத்தில் எல்லாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை வந்து நின்றார்.

"குரு, ரேஸ்ல ஓட்டறாங்கல்ல, அந்த மாதிரி கியரைத் தலைகீழா மாத்தணும். பெங்களூர்ல போய்க் கேட்டா ஒரு வாரம் ஆகும்னு சொல்றாங்க. உன்னால ஆகுமா?"

அவருடைய வண்டியில் முதல் கியருக்குக் கீழே மிதிக்க வேண்டும், மற்ற கியர்களுக்கு மேலே தூக்க வேண்டும். பந்தயக்காரர்கள் அதை நேர் எதிராக வைத்துக்கொள்வார்கள். வளைவில் வண்டி தரையை ஒட்டிச் சாயும்போது காலை அடியில் விட்டுத் தூக்க முடியாது, மேலிருந்து மிதிப்பதுதான் சுலபம். மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. எஞ்சினுக்கு வெளியே வரும் கியர் தண்டில் ஒரு சின்னக் கை மாட்டியிருக்கும். மேலே பார்த்து நிற்கும் அதைக் கழற்றி, கீழே பார்த்து மாட்டி, இணைப்புக் கம்பியைச் சரி செய்தால் முடிந்தது. தொழில் கற்ற காலத்தில் பெங்களூரில் பார்த்திருக்கிறேன். ஓசூரில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது என்ற கர்வம் எனக்கு இருந்தது. "ஆகும்" என்றேன்.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்க அவர் வரவில்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஃபிட்டர் வந்தார். அவர்கள் அறையில் வண்டி ஒருவருடையது, சாவி எல்லாருடையது. யாருக்கு ஷிஃப்ட் இல்லையோ அவர் எடுத்துக்கொண்டு போவார். இவர் உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நான் தரையைப் பார்த்தபடியே சொன்னேன், ஒன்றாவது மேலே, மற்றதெல்லாம் கீழே என்று. ரோட்டில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

"யேண்ணா, இந்த வயசுல என் காலை மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்து உட்டுட்டீங்களே!"

நானும் சிரித்தேன். "மெதுவாப் போங்க" என்றேன்.

மதியம் ஒரு டெம்போவில் அந்த வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. முன்சக்கரம் நசுங்கியிருந்தது. உத்தனப்பள்ளிக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. பதறினால் பழகின கால்தானே முந்தும்? ஃபிட்டர் கியரைக் குறைப்பதாக நினைத்து மிதித்திருக்கிறார். கியர் கூடி, வண்டி நிதானப்படாமல் நேராகப் போய் டிரெய்லரில் மோதிவிட்டது. இடது பாதம் நைந்துபோன அவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

டெம்போவிலேயே வந்த பெங்களூர்க்காரருக்கு முகம் வெளுத்திருந்தது.

"குரு, போலீஸ் வந்து வண்டியை எடுத்துட்டுப் போகும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். கியரைப் பழைய மாதிரி பண்ணிடு."

"ஃபிட்டரு... கியர் மாத்தினதுன்னு சொல்வாரே சார்" என்றேன்.

"சொன்னா சொல்லட்டும். மாத்தினது யாரு? நீ. கேஸ் என் மேல மட்டுமா வரும்? ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. பேடா குரு, வேண்டாம். சீக்கிரம் பண்ணு."

பத்து நிமிட வேலை. என் கையே அதைச் செய்தது. புதிதாகக் கழற்றிய அடையாளம் தெரியாமல் இருக்க அந்த இடத்தில் கிரீஸும் மண்ணும் சேர்த்துத் தேய்த்தேன். அதை அவர் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

ஃபிட்டர் ஆஸ்பத்திரியில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், கியர் தலைகீழாக இருந்தது என்று. இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார், கியர் ஒழுங்காக இருந்தது. என்னிடம், "நீதானே இந்த வண்டிக்கு மெக்கானிக்? கியர்ல ஏதாவது வேலை செஞ்சியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். டீக்கடையில் அடுத்த ஒரு வாரத்துக்கு அதுதான் சிரிப்பு. "கியர் தலைகீழாத் தெரிஞ்சுதாமே! அப்போ எத்தினி கிளாஸ் உள்ள போயிருக்கும்?" என்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சில நாள் கழித்து, வேட்டியும் கழுத்தில் செபமாலையுமாக ஒரு பெரியவர் ஷெட்டுக்கு வந்தார். ஃபிட்டரின் அப்பா. அவர்கள் ஊர்க் கோயிலில் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்தும் உபதேசியார். குடிக்காதீர்கள் என்று ஊருக்கே சொல்லி வந்தவர். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, நான் கேஸுக்காக வரல. பையன் குடிச்சிட்டு ஓட்டினான்னு ஊரே சொல்லுது. அவன் இல்லைங்கறான். வண்டியில கியரு மாத்தி வெச்சிருந்தீங்கன்னு சொல்றான். நிசமா தம்பி? நீங்க என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்."

என் கையில் ஒரு கார்புரேட்டர் இருந்தது. அதையே துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் முகமும் பூட்டுப் போட்ட ஷெட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவர் வெகுநேரம் நின்றார். பிறகு, "சரிங்க தம்பி, புரிஞ்சுது" என்றார். என்ன புரிந்ததென்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை.

பெங்களூர்க்காரர் பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். ஃபிட்டருக்குப் பாதி பாதம் போனது, வேலையும் நிரந்தரமாகவில்லை.

ஆறேழு வருடம் கழித்து, கெலமங்கலம் சந்தையில் அவரைப் பார்த்தேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை போட்டிருந்தார். திரும்பி வந்துவிடத்தான் கால் சொன்னது. ஆனால் அவர் பார்த்துவிட்டார். "வாங்கண்ணா" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கேட்காமல் நானாகப் பேசினேன். கியரைத் திருப்பி மாட்டினது, கிரீஸ் தேய்த்தது, அப்பா வந்து நின்றது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத எதுக்குண்ணா என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே! நான்தானே ஓட்டினேன்."

குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"தெரியாதவரு ஒருத்தர் இருந்தாரு. உங்க ஷெட்டுக்கு வந்துட்டுப் போன நாள்லருந்து என்கூடச் சோத்துக்கு உக்காரல. கோயில்ல செபம் சொல்றதையும் உட்டுட்டாரு. புள்ளையத் திருத்தத் தெரியாதவன் ஊருக்கு என்ன சொல்றதுன்னு. போன வருசம் போயிட்டாரு." டியூபை எடுத்துத் துணியால் துடைத்தார். "கடைசி வரைக்கும் நான் குடிச்சேன்னுதான் நெனச்சாரு."

அதற்குமேல் அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. சைக்கிள்காரர் ஒருவர் வந்தார், அவரிடம் திரும்பிவிட்டார். நான் சந்தைக்கு எதற்கு வந்தேன் என்பதையே மறந்து பஸ் ஏறினேன்.

அதன் பிறகு யார் கேட்டும் கியரைத் தலைகீழாக்கும் அந்த வேலையை நான் தொட்டதில்லை. தெருவில் என்னை நல்லவன் என்கிறார்கள், யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச மாட்டான் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், ஒரே ஒரு வார்த்தை கேட்டு என் ஷெட்டில் உட்காராமல் நின்ற அந்தப் பெரியவர்தான் இன்னும் என் முன்னால் நிற்கிறார்.