சக்கர வீட்டில் ஒரு மூலை

ரோட்டில் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி ஏதாவது கடந்து போனால் எல்லாரும் ஆசையாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு அலுப்புதான் வருகிறது. அப்படி ஒன்றில் நானும் போயிருக்கிறேன், வையம்பட்டி வரைக்கும்.

கட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. திருச்சி அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்து பாய்லர் பாகங்கள் செய்து கொடுத்தவர். அந்தக் கை ஒரு பழைய மினி லாரியின் மேல் வீடு கட்ட ஆரம்பித்தால் கேட்கவா வேண்டும்? சுவர், கட்டில், அடுப்பு மேடை எல்லாம் இரும்பு. சாமி மாடத்துக்குக்கூட இரும்புக் கதவு. "யானை முட்டினாலும் அசையாது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொடைக்கானல் ரோட்டில் எந்த யானை வந்து முட்டப்போகிறது என்று மாமாவின் மனைவி, என் அத்தை, மட்டும்தான் கேட்டாள்.

அத்தை ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கணும் என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனாலேயே பஸ்ஸில் தூரப் பயணம் அவளுக்கு முடியாது. ஆனால் மலையைப் பார்க்கும் ஆசை நிறைய. இந்த வண்டிக்கு அவள் சம்மதித்ததே ஒரு விஷயத்துக்காகத்தான். பின்பக்க மூலையில், மூன்றடிக்கு மூன்றடி, ஒரு பாத்ரூம். கிராஃப் தாளில் அளவு போட்டு வரைந்தே கொடுத்துவிட்டாள்.

மாமா தலையை ஆட்டினார். வேலை முடியும் சமயத்தில் முகத்தைச் சுளித்தார். "சாமி படம் இருக்கு, நாலடி தள்ளி அடுப்பு இருக்கு. அங்க போயி அதைக் கட்டுறதா? வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கும்மா."

அந்த முழுப்பரீட்சை லீவுக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அந்த மூலையில் ஒரு ஜன்னல் இருந்தது. "மாமா, எனக்கு இங்க ஒரு படுக்கை போட்டுக் குடுங்க. படுத்துக்கிட்டே ரோடு பாக்கறேன்" என்றேன். மாமாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? மறுநாளே இரும்புப் பலகை ஏறிவிட்டது. "புள்ள ஆசைப்படுது" என்றார். அத்தை அன்று கட்டுக்கட்டாகப் பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு வந்திருந்தாள். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் கிராஃப் தாளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மே மாத வெயிலில் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். மாமா ஓட்ட, நானும் அத்தையும் பின்னால் வீட்டுக்குள். நான் மூன்று தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "தாகமில்ல கண்ணு" என்றாள். மணப்பாறை தாண்டி ஒரு பங்கில் பாத்ரூம் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். அடுத்த பங்கில் பாத்ரூமுக்குக் கதவே இல்லை. வையம்பட்டி வந்தபோது அத்தைக்கு முகமெல்லாம் வேர்த்து, கை இடுப்பைப் பிடித்திருந்தது. முன்பக்கத் தகட்டைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

ரோட்டோர வீட்டில் ஒரு பெண் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க வீட்ல பாத்ரூம் இருக்குங்களா?" என்று அத்தை கேட்டாள். அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அதற்குள் எங்கள் வண்டியைச் சுற்றி வேடிக்கை பார்க்கக் கூட்டம். மாமா என்னிடம் முணுமுணுத்தார். "சொந்த வீட்டுலயே வந்துட்டு, ஊரார் வீட்டுக் கதவைத் தட்டறா பாரு."

அத்தை வெளியே வந்து, அந்தப் பெண் கொடுத்த சொம்புத் தண்ணீரை இறக்காமல் குடித்தாள். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு மாமாவிடம், "எனக்குப் போதும்ங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அந்தக் களைப்பு என்னவென்று இப்போது தெரிகிறது. வேலைக்காக நானும் வாரத்துக்கு இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸில் போகிறேன்.

அன்று தெரியவில்லை. ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்க அத்தை. என் படுக்கைய நீங்களே எடுத்துக்கங்க. நல்ல எடம், ஜன்னல்லாம் இருக்கு."

"நீயே வெச்சுக்க கண்ணு" என்று என் தலையைத் தடவிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

மாமா வண்டியைத் திருப்பினார். திருச்சி வரைக்கும் அந்த மூலையில் படுத்தபடியே வந்தேன். இவ்வளவு நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தும் வேண்டாமென்றுவிட்டாளே என்று, வழி நெடுக எனக்கு அத்தை மேல் கோபம்.