அப்பா நம்பர் மட்டும்

பிள்ளைகளே, என் மகள் கவிதா செங்கல்பட்டில் ஒரு நர்சிங் கல்லூரியின் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாள். பெண்பிள்ளையின் நம்பர் வெளியே போகக்கூடாதென்று விண்ணப்பத்தில் என் நம்பரை மட்டும் கொடுத்திருந்தேன். எங்கள் கம்பெனியிலோ போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து போனை வாங்கிப் பார்த்தால், கல்லூரியிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். பதறிக் கூப்பிட்டேன்.

“ஒரு சீட் காலி சார். நாலு மணிக்குள்ள பொண்ணு வரலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

அப்போதே மூன்றரை. வீடோ மாமல்லபுரத்தில், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். உடனே மகளை அழைத்தேன்.

“இன்னாப்பா, இப்பத்தான் போன் கையில வந்துச்சா? நான் தெனம் காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டுகினுதான் கீறேன். பஸ்ஸு செங்கல்பட்டாண்ட வந்துடுச்சு. பேஜாராவாம வா.”

சீட் கிடைத்தது. இப்போது என் சின்ன மகளின் விண்ணப்பத்தில் அவளுடைய நம்பரைத்தான் முதலில் எழுதினேன். என் நம்பர் அதற்குக் கீழே.