ஹமீது பாய் மூடாத புத்தகம்

“பாய் மவுத்தாயிட்டாரும்மா” என்று பழவேற்காட்டு மீன்காரர் வந்து சொன்னபோது எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. திருவள்ளூர் கோர்ட்டுத் தெருவில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த ஹமீது பாயைத்தான் சொன்னார். அந்தக் கடையில் ஒளிந்திருந்து பிழைத்தவர்கள் என்னைப் போல் எத்தனையோ பேர். அப்படிப் பிழைத்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ரேஷன் அரிசிக்கு வரிசை நின்ற காலம். கும்மிடிப்பூண்டியில் தாய்மாமனுக்கு என்னைக் கட்டிவைக்கப் பந்தல் போட்டபோது ஓடிவந்தவள் நான். போக்கிடம் தெரியாமல் கடைக்குள் நுழைந்தேன். பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தை விரித்துக் கையில் கொடுத்தார். “இத்த மூடாதவரிக்கும் உன்னத் தேடுறவங்க கண்ணுக்கு மட்டும் நீ தெரியமாட்டே. மூடுனா தெருவுல நிப்பே” என்றார். கிறுக்கு மனுஷன் என்று நினைத்தேன்.

அப்பா வந்தார். “இன்னா பாய், எம் பொண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?” அவர் வேட்டி என் முழங்காலில் உரசியது. என்னைப் பார்க்கவேயில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் டீ. தூங்கும்போதும் பக்கங்களுக்கு நடுவே விரல். வாசலில் பூக்காரி கூவுவாள். எழுந்துபோய் ஒரு முழம் வாங்க முடியாது. கதவு திறந்தே கிடந்த ஜெயில் அது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜமீலாம்மா என்ற ஓர் அம்மாள் வந்து என்னிடம் கேட்டார்: “எங்க ஊட்டுக்காரரு ஹமீதப் பாத்தியாம்மா?” அவர் தேடியது என்னையல்ல, அதனால் நான் தெரிந்தேன். பக்கத்திலேயே பாய், மடியில் விரித்த புத்தகத்தோடு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பாயையே பார்த்தேன். ஜமீலாம்மா போய்விட்டார்.

“இன்னா பாய் இது அநியாயம்?” என்று கத்தினேன்.

“பழவேற்காட்டு ஏரில படகு கவுந்துச்சும்மா. எங்க புள்ள போயிட்டான், நான் மட்டும் கரையேறினேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவ முன்னால நிக்கறது?”

“மூடுங்க பாய். அவங்க இன்னும் தெருமுனையத் தாண்டல.”

“நீ மொதல்ல மூடும்மா.”

மூடினேன். தெருவில் நின்றேன். நேரே வீட்டுக்குப் போய், “எனக்கு மாமா வேணாம்பா” என்றேன். அடி விழுந்தது. கல்யாணம் நடக்கவில்லை.

பாய் மட்டும் மூடவில்லை. உட்கார்ந்த வாக்கில் உயிர் போய், புத்தகம் நழுவி விழுந்த பிறகுதான் ஜமீலாம்மா கண்ணுக்குத் தெரிந்திருக்கிறார். துக்கம் விசாரிக்கப் பழவேற்காட்டுக்குப் போனேன். “அவரு மேல எனக்குக் கோவமே இல்லியேம்மா. படகு கவுந்தா அவரு இன்னா பண்ணுவாரு? ஊட்டுக்குக் கூட்டிக்கினு போவத்தான் தேடினேன்” என்று விம்மினார்.

ஐயோ பாய்! நீங்கள் எனக்குச் சொன்னதை ஒரு தடவை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாதா? நான் வைத்திருப்பது உங்களுடைய ‘மூடும்மா’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். பயந்து ஒளியத் தோன்றும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் எதிரே போய் நிற்கிறேன்.