லஸ்கர் சஜிமோனின் மே மாதம்

ஒன்பதாவது சாப்பாட்டு டப்பாவின் மூடியை இடது கைச் சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் மட்டும் நெம்பிக்கொண்டிருந்தான் சஜிமோன். கட்டைவிரல் உதவிக்கு வரக் கூடாது என்பது அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம். பன்னிரண்டு வருஷமாக ஈர வடம் இழுத்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கட்டைவிரலுக்கு எந்த மூடியும் திறந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தையின் பலம் தன் உடம்பில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தேடிப் பார்த்து, இந்த இரண்டு விரல்களில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு ஆலப்புழைக்கு வந்திருந்தான்.

பாத்திரக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டப்பா வாங்க வந்தாயா, டப்பாவுக்குப் பரீட்சை வைக்க வந்தாயா என்று கேட்டார்.

"பரீட்சைதான் சேட்டா. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல மொத நாள் அழுதுக்கிட்டே இதைத் திறக்கணும். அழுற கை வழுக்கும்" என்றான் சஜிமோன். ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த இரண்டு விரல்களையும் நனைத்துக்கொண்டு, பத்தாவது டப்பாவை எடுத்தான்.

மகள் கேட்டிருந்தது பூனைப் படம் போட்ட டப்பா. பூனை டப்பாவின் மூடியோ கல்லாக இருந்தது. படமே இல்லாத ஆரஞ்சு நிற டப்பா ஒன்று ஈர விரல்களுக்குச் சொன்னபடி கேட்டது. அதை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் பூனை ஒட்டுப்படம் ஒரு தாள் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் வீடு இருக்கிற வடக்கேத்துருத்துத் தீவிலிருந்து கிழக்கேக்கரை வழியாக ஆலப்புழை போகும் அரசுப் படகில் சஜிமோன் லஸ்கர். துறை நெருங்கும்போது வடத்தை வீசி முளையில் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கை கொடுக்க வேண்டும். எல்லாரும் ஏறியானதும் வடத்தை அவிழ்த்துவிட்டு மணியடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கைகளைப் பிடிக்கிறான் என்று அவன் எண்ணியதில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் காலையில் மீன் வெட்டினார்கள், யார் புருஷனோடு பேசாமல் கிளம்பி வந்திருக்கிறாள் என்பதெல்லாம் கையைப் பிடித்ததுமே தெரிந்துவிடும் என்பான். பாதி பொய். மீன் மட்டும் நிஜம்.

அப்படிப்பட்டவனின் மகளுக்குப் படகு ஏறப் பயம்.

"கள்ளுக்கடைக்காரன் புள்ளைக்குக் கள்ளு புடிக்கலைன்னா நல்லதுன்னு சொல்லலாம். படகுக்காரன் புள்ளைக்குப் படகு புடிக்கலைன்னா அதை என்னன்னுடா சொல்றது?" என்று மீன்கார ராஜம்மச் சேச்சி வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள். படகே சிரிக்கும். சஜிமோனும் சிரித்துக்கொண்டே வடத்தைச் சுருட்டுவான்.

வீட்டில் தும்பி என்று கூப்பிடும் அந்த மகளுக்குப் படகின் மீது ஒரு குறையும் இல்லை. உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டால் ஜன்னலில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவாள். படகுக்கும் துறைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கறுத்த இடுக்குதான் அவளுக்கு ஆகாது. மூன்று வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்று கழன்று அதற்குள் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. போனது போனதுதான். அன்றிலிருந்து அப்பாவின் தோளில், கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடிதான் அவள் படகு ஏறியிருக்கிறாள்.

அங்கன்வாடி அவர்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அதனால் இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஜூன் பிறந்தால் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கிழக்கேக்கரையில். நடுவில் பாலம் கிடையாது.

இன்னும் ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு போனால்தான் என்ன, தானாகச் சரியாகிவிடும் என்றாள் அவன் மனைவி ஜிஷா. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறவள். மகளின் சீருடைப் பாவாடையை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு மடிப்பு உள்ளே விட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் படகுல இருப்பேன். மத்த நாள் வேற ஆளு. அவன் தூக்கி விடுவான், இல்லேங்கல. ஆனா நாலு பேர் பாக்க மூட்டை மாதிரித் தூக்கி எறக்கி வெச்சா, புள்ள தோத்துப்போய்த்தானே க்ளாசுக்குள்ள நுழைவா?" என்றான் சஜிமோன்.

ஜிஷா மிஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி மிதித்தாள். சரி என்று அதற்கு அர்த்தம்.

இப்படித்தான் சஜிமோனின் மே மாதம் தொடங்கியது. ஷூவில் இடது எது, வலது எது என்று காட்ட ஒட்டுப்படப் பூனையைப் பாதியாக வெட்டி, இரண்டு ஷூவையும் சேர்த்து வைத்தால் பூனை முழுசாகும்படி ஒட்டினான். டீச்சரிடம் மூத்திரம் போகணும் என்று சொல்லும் பயிற்சி தினமும் நடந்தது. மெல்லிய குரலில் சொன்னால் டீச்சராக இருந்த சஜிமோனுக்குக் காது கேட்காது. தும்பி கத்திச் சொல்லப் பழகினாள். அந்தக் குரல் கால்வாயைத் தாண்டிப் போய், அக்கரை வீட்டுக்காரர் ஒருநாள், "டீச்சரே, புள்ளைய விட்டுடுங்க, பாவம்" என்று பதில் குரல் கொடுத்தார்.

பெயர்தான் பெரிய சிக்கலாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவள் நிவேத்யா சஜிமோன். டெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருப்பதுபோல, அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று தும்பிக்கும் தெரியும். அதற்கும் தனக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று அவள் நினைத்ததில்லை. சஜிமோன் முதல் தடவை, "நிவேத்யா சஜிமோன்" என்று அழைத்தபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.

ஆகவே சாயங்காலம் விளக்கேற்றியதும் வீட்டில் வருகைப்பதிவு எடுக்கப்பட்டது. ஒரு பெயரை மட்டும் கூப்பிட்டால் வகுப்பு மாதிரி இருக்காது என்று சஜிமோன் படகில் வருகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டான். சுக்கான் பிடிக்கிற குரியச்சன், மீன்கார ராஜம்மா, ரேஷன் கடை மத்தாயி, தபால்காரர் என்று வரிசையாகக் கூப்பிடுவான். நெத்திலி வறுத்துக்கொண்டே அத்தனை பேருக்கும் ஜிஷாதான் "ப்ரெசன்ட் டீச்சர்" சொல்ல வேண்டும். நடுவில் நிவேத்யா வரும். நாலாவது நாள் தும்பி கையைத் தூக்கினாள். ஒரு வாரம் போனதும், அம்மாவுக்கு அடுப்பு வேலை இருக்கிறது என்று தபால்காரருக்கும் மத்தாயிக்கும்கூட அவளே பதில் சொல்லிவிட்டாள்.

இடுக்குப் பயிற்சி முற்றத்தில் நடந்தது. எல்லாத் துறைகளிலும் அந்த இடைவெளியைத் தன் சாணால் அளந்துகொண்டு வந்திருந்தான் சஜிமோன். மிகப் பெரியது ஒன்றேகால் சாண். முதலில் இரண்டு சுண்ணாம்புக் கோடு கிழித்துத் தாண்டச் சொன்னான். அப்புறம் செங்கல்லின் மேல் இரண்டு பலகை. "கீழ பாக்காதே மோளே, முன்னாடி பாரு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். தும்பி பலகைகளைப் பறந்து தாண்டினாள். இரண்டு சாண் தாண்டினாள். அதன் மேல் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

மே கடைசி வாரத்தில், அவனுக்கு ஓய்வு நாளில், அப்பாவும் மகளும் காலைப் படகுக்கு நிஜ ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். முதுகில் பை, கையில் குடை, பைக்குள் ஆரஞ்சு டப்பாவில் அவல்.

படகு வந்து அணைந்தது. அன்றைய லஸ்கர் கையை நீட்டினான். தும்பி வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் காற்றில் அப்படியே நின்றது. பிறகு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். இன்னொரு தடவை தூக்கினாள். மறுபடியும் அப்படித்தான். ரேஷன் கடை மத்தாயி கடிகாரத்தைப் பார்த்தார். "தூக்கி உள்ள போடுடா, எம்மீனு நாறுது" என்றாள் ராஜம்மச் சேச்சி. சுக்கானில் இருந்த குரியச்சன் மட்டும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். சஜிமோன் அவரைப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தான்.

படகு போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரைக் கரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். படகு தன்னை விட்டுவிட்டுப் போவதை அன்றுதான் பார்த்தான். அந்த வலியில் ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து, மகளின் பை வாரைச் சரிசெய்தான். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத் தும்பி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சா, அதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"தண்ணி."

"தண்ணிக்குக் கீழ?"

"சேறு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

பன்னிரண்டு வருஷமாக இதே துறையில் இதே இடுக்கைத் தாண்டிக்கொண்டிருக்கிறான். கீழே பார்க்காதே என்று மூன்று வாரமாகக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். "இல்ல மோளே. பாத்ததில்ல" என்றான்.

பிறகு அவன் போனையும் பர்ஸையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். துறையின் விளிம்பில் உட்கார்ந்து, சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினான்.

தண்ணீர் அவன் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. படகு நிற்கும் இடத்தில் நின்று, தரை இருக்கிறது என்று காட்ட இரண்டு தடவை குதித்தான். தும்பி குப்புறப் படுத்துக்கொண்டு விளிம்பில் தலையை நீட்டினாள். கீழே வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். சஜிமோன் காலால் துழாவினான். ஒரு கொட்டாங்கச்சி வந்தது. துணி போய்க் கம்பி மட்டும் இருக்கிற குடை ஒன்று வந்தது. ஒரு கரண்டி வந்தது. படகு ஏற வந்த யார் எதற்குக் கரண்டியோடு வந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. கடைசியில் பெரிய ஆள் ஒருவரின் தோல்செருப்பு, நத்தைகள் குடியேறி, பாசி பிடித்து மேலே வந்தது. அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் தும்பி.

தன் சிவப்புச் செருப்பைக் கேட்டாள். சஜிமோன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினான். மூன்று முறையும் வெறும் சேறுதான் கையில் வந்தது. இல்லை என்று சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"பரவால்ல அச்சா. இப்ப எனக்குக் கால் பெருசாயிடுச்சு. அது சேராது" என்றாள் தும்பி.

அடுத்த படகு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஈரச் சட்டையோடு சஜிமோன் வெயிலில் உட்கார்ந்திருக்க, தும்பி டப்பாவைத் தானே திறந்து அவலைப் பாதி அவனுக்குக் கொடுத்தாள். படகு வந்ததும் விளிம்புக்குப் போய், குனிந்து, இடுக்கை ஆற அமரப் பார்த்தாள். "கீழ தரை இருக்கு. எங்கச்சன் நெஞ்சு வரைக்கும்தான்" என்று லஸ்கரிடம் சொல்லிவிட்டுக் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அன்று ஆலப்புழை வரைக்கும் எல்லாத் துறையிலும் இறங்கி ஏறினார்கள். ஒவ்வொரு துறையிலும், இங்கே நீங்கள் எதுவரைக்கும் இருப்பீர்கள் என்று அவள் கேட்டாள். சில இடங்களில் சஜிமோன் கழுத்து என்றான். ஓர் இடத்தில், நான் தெரியவே மாட்டேன் என்று உள்ளதைச் சொன்னான். அங்கே அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்துவிட்டு அங்கேயும் தாண்டினாள்.

ஜூன் முதல் தேதி விடியற்காலையிலிருந்தே மழை. சஜிமோனுக்கு அன்று வேலை நாள். ஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் குடையும் புதுப் பையுமாகத் தும்பி துறைக்கு வந்தாள். இன்றைக்கும் படகை நிறுத்தி வைக்கப் போகிறாயா என்று ராஜம்மச் சேச்சி கேட்டாள். தும்பி சஜிமோனின் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். "சரிடி, ஜெயிச்சுட்டே" என்று சொல்லிச் சேச்சி தன் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

கிழக்கேக்கரையில் புதுப் பிள்ளைகளை வரவேற்கக் கட்டிய பலூன்களும் வண்ணத் தாள்களும் மழையில் சாயம் போய்த் தொங்கின. செண்டை மேளச் சத்தம் கேட்டது. மற்ற அப்பாக்கள் குழந்தைகளோடு உள்ளே போனார்கள். சஜிமோன் வடத்தை அவிழ்த்து மணியடித்தான். அன்று பூராவும் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஒரு துறையில் ஆள் இறங்குவதற்கு முன்னால் மணியடித்தான். இன்னொன்றில் வடத்தைத் தப்பான முளையில் கட்டினான். "பள்ளிக்கூடத்துல சேந்தது நீயாடா, உம்பொண்ணாடா?" என்று குரியச்சன் மேலிருந்து கேட்டார்.

மத்தியானம் ஜிஷா போன் செய்தாள். சிரிப்பில் அவளால் பேச முடியவில்லை. டீச்சர் பெயர் கூப்பிட்டபோது நிவேத்யா சஜிமோன் கையைத் தூக்கி "ப்ரெசன்ட் டீச்சர்" என்றாளாம். அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த மூன்று குழந்தைகளுக்கும் அவளே ப்ரெசன்ட் சொல்லிவிட்டாளாம். அதில் ஒரு குழந்தை அன்று வரவே இல்லையாம். கேட்டுவிட்டு சஜிமோன் போனை மத்தாயியின் காதில் வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

மூன்றே முக்கால் மணிப் படகு கிழக்கேக்கரைக்கு வரும்போது மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. துறை முழுக்கப் பிள்ளைகள். தலையில் காகிதக் குல்லாய், வாயில் மிட்டாய். சஜிமோன் வடத்தை வீசிக் கட்டிவிட்டு, பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற, கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் தும்பி வந்தாள். பக்கத்தில் ஒற்றைப் பல் விழுந்த ஒரு புதுச் சிநேகிதி. சிநேகிதி வீட்டு வாத்துகளைப் பற்றி என்னவோ பெரிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சஜிமோன் கையை நீட்டினான். பேச்சு சுவாரசியத்தில் தும்பி அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. இடுக்கைத் தாண்டி, அவன் முழங்கையை உரசிக்கொண்டு, உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பின்னால் வந்த ஜிஷா அதைப் பார்த்துவிட்டாள். சஜிமோன் மெதுவாக உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பி, அண்ணாந்து, மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்தான்.