பாட்டுப் படத்தில் அம்மாவின் முகம்

சூடேறின மானிட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு வாசனை வரும். வெயிலில் வைத்த பிளாஸ்டிக் வாளியின் வாசனை மாதிரி, ஆனால் அதைவிடக் கொஞ்சம் இனிப்பானது. அது ஞாபகம் வந்தால் அன்றைக்கு நடந்தது முழுக்க ஞாபகம் வந்துவிடும். இதை எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு வரி எழுதி, கிழித்து அடுப்பில் போட்ட நாட்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. பெரியம்மா இருக்கும்வரை பயம், அவள் போன பிறகு வெட்கம், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், பிளஸ் டூவோடு எல்லாம் நின்றது. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதிமூன்று வயது. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், பெரியப்பா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்ட பெரியம்மா, நாலு பேர். அப்பாவுக்கு ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக்கடையில் வேலை. கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினபோது பழையதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, கூடத்தில் சுவாமி அலமாரிக்குப் பக்கத்து மேஜையில் இறக்கினார். வேறு இடத்தில் பிளக் இல்லை.

எதிர்வீட்டு ருக்மிணி அக்கா சாலைக் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள்தான் அதில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு புரோகிராம் போட்டுத் தந்தாள். அதோடு துணைக்கு இன்னொன்றும். அந்த இரண்டாவது புரோகிராம் பாட்டுப் பாடாது. பாட்டு ஓடும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டமாக வந்து நிற்கும். கேசட் அட்டையில் இருக்கிற படம், அதன் கீழே பாட்டின் பெயர், பாடினவர் பெயர், எத்தனை நிமிஷம் என்கிற விவரம் எல்லாம் அதில் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் "பாட்டுப் படம்" என்று பெயர். ஸ்லோக சிடியைப் போட்டால் மூலையில் பகவதி வருவாள், அடுத்ததற்குப் பிள்ளையார் வருவார். அப்பா கடைக்குக் கிளம்பும்போது அந்த மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் செருப்பு மாட்டுவார்.

சுவாமி வருகிற இடம் என்றான பிறகு பெரியம்மா சும்மா இருப்பாளா? வெள்ளிக்கிழமை காலையில் மானிட்டரைத் துடைத்து, அந்த வலது மூலைக் கண்ணாடியிலேயே ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பிச்சிப்பூச் சரத்தை மேலேயிருந்து அந்தக் கட்டத்தைச் சுற்றித் தொங்குகிற மாதிரி போட்டுவிடுவாள். "கண்ணாடியிலே ஈரம் படப்படாது மாமி, கெட்டுப்போயிடும்" என்று ருக்மிணி அக்கா சொன்னால், "கெட்டுப்போறதுக்கா பொட்டு வைக்கறது? நீ உன் கார்யத்தைப் பாருடி" என்பாள்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அம்மா கச்சேரிக்காரி இல்லை. நவராத்திரிக்குத் தெருவில் எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும், "அலமேலு, ஒண்ணு பாடேன்" என்று கேட்பார்கள், பாடுவாள், சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவ்வளவுதான். ஆனால் விளக்கேற்றும்போதும் அரிசி களையும்போதும் எனக்குத் தலை பின்னும்போதும் அவள் தொண்டை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. என்னைத் தூங்கவைக்க அவளே இட்டுக்கட்டின ஒரு தாலாட்டு உண்டு. அதில் என் பெயரும் எங்கள் தெருவும் கோவில் குளமும் வரும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத பாட்டு அது. டாக்டர்கள் பரிசோதித்துவிட்டு, உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும், அப்புறம் பேச்சும் வராது, பாட்டும் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள்.

அம்மாவின் குரலைப் பிடித்து வைத்துவிடலாம் என்று சொன்னது ருக்மிணி அக்கா. சென்டரிலிருந்து ஒரு மைக் கொண்டுவந்தாள். சாயங்காலம் அரைமணி நேரம் கரண்ட் போகிற காலம் அது. அதனால் இரண்டு மத்தியானம், ஜன்னலை எல்லாம் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்த்து வழிய வழிய அம்மா பாடினாள். இடையிடையே இருமல் வரும், நிறுத்துவாள், வெந்நீர் குடிப்பாள். பத்துப் பாட்டு, கடைசியில் அந்தத் தாலாட்டு, ஆகப் பதினொன்று. "போரும்டி, இனிமே தொண்டையிலே ஒண்ணும் மிச்சமில்லை. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளே போயாச்சு. பின்னே டாக்டர் என்னத்தை எடுக்கப்போறார்?" என்று அம்மா சிரித்தாள்.

பாட்டு ஓடினபோது மூலையில் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் வந்தது. அட்டைப் படம் இல்லாத பாட்டுக்கு அப்படித்தான் வருமாம். எல்லாருக்கும் படம் வருகிறது, என் அம்மாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்குத் தாங்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு எடுத்த அம்மாவின் போட்டோவை அக்காவிடம் கொடுத்து ஏற்றச் சொன்னேன். தமிழ் எழுத்து அதில் கட்டம் கட்டமாக உடைந்து வந்ததால், பாட்டின் பெயரையும் பாடினவர் அலமேலு என்பதையும் இங்கிலீஷ் எழுத்தில் நானே ஒவ்வொன்றாக அடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. திடீரென்று காட்டலாம் என்று ஆசை.

ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பெரியம்மா வழக்கம்போல் பொட்டு வைத்து, பூவைப் போட்டுவிட்டு, விளக்கேற்றக் குனிந்தாள். நான் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் பாட்டைப் போட்டேன். மூலையில் அம்மாவின் முகம் வந்தது. நெற்றிக்கு நேர்மேலே குங்குமம், முகத்தைச் சுற்றிப் பிச்சிப்பூ மாலை.

உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்குப் பொட்டிட்டுப் பூப் போடுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அது யாருடைய படத்துக்குச் செய்வது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் படத்தை மட்டும் யோசித்தேனே தவிர, அது வந்து நிற்கிற இடத்தை யோசிக்கவில்லை. பெரியம்மா தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் கையாலேயே போட்டேனே. கடன்காரி, நான் என் கையாலேயே போட்டேனே" என்று சுவரோடு சாய்ந்தாள்.

"போட்டது நன்னாத்தான் இருக்கு மன்னி" என்றாள் அம்மா, கரகரத்த குரலில். "போனப்புறம் போட்டா எனக்குத் தெரியவா போறது? இப்பவே பாத்துண்டேன்."

"வாயை அலம்பு அலமேலு. திங்கட்கிழமையை வெச்சுண்டு பேசற பேச்சா இது?"

அப்பா சட்டையைப் பாதி மாட்டினபடி வந்து நின்றார். அவர் என்னை அடித்ததே இல்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. "அந்தப் படத்தை எடுத்துடு. நான் வரதுக்குள்ளே எடுத்துடு. அது இந்த வீட்டுக் குப்பையிலேகூடக் கிடக்கப்படாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டு, மூலையைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ருக்மிணி அக்கா கிளாஸுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை நான் காத்திருந்திருக்கலாம். அன்றைக்கு அது வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அம்மாவின் ஆயுசைத் தின்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாட்டுப் போடுகிற அந்தப் பெரிய புரோகிராமைத் திறந்தேன். அங்கே அம்மாவின் படம் பெரிதாக இருந்தது, கீழே பதினொரு பாட்டின் வரிசை. மவுஸ் அம்பைப் படத்தின் மேல் வைத்து அமுக்கி, நீக்கு என்பதைத் தட்டினேன். அது இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டது: பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, கம்ப்யூட்டரிலிருந்தே நீக்கவா? பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தால் எங்கேயாவது ஒளிந்துகொண்டு இருக்குமே, அப்பா வீட்டிலேயே இருக்கக் கூடாது என்றாரே என்று நினைத்து, இரண்டாவதைத் தட்டினேன். திரையின் ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தில் காகிதம் நிறைந்து தெரிந்தது. குப்பையிலும் கூடாது. அதையும் காலி செய்தேன். பிறகு கை கால் அலம்பி, சுவாமி முன்னால் சூடம் ஏற்றி நமஸ்காரம் செய்தேன். அத்தனை நிம்மதியாக நான் அதற்கு முன்னும் நமஸ்காரம் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

படத்தை நீக்கவில்லை, பாட்டை நீக்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் யாரும் பாட்டுப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "பத்திரமா இருக்கோல்லியோ? வந்து கேட்டுக்கறேன்" என்றாள். அவள் குரலில் நான் கேட்ட கடைசி வாக்கியங்களில் அது ஒன்று.

மூன்று வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மூன்று வாரமும் அவள் பிழைக்க வேண்டும் என்று, தெருவில் யார் யாரிடமோ ஸ்லோக சிடிகளை இரவல் வாங்கிவந்து, ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி, காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை ஓடவிட்டேன். மூலையில் சுவாமிகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் பாட்டை அவள் வந்து கேட்கட்டும் என்று அதை மட்டும் நான் தேடவே இல்லை.

அம்மா கழுத்தில் துணிக்கட்டோடு திரும்பி வந்தாள். பேச ஒரு சிலேட்டு. வந்த அன்றைக்கே அதில் "போடு" என்று எழுதிக் காட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன். பெரிய புரோகிராமில் அம்மாவின் பாட்டு ஒன்றுமில்லை. மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைத் தட்டினால், முன்னால் கேட்டவை என்று ஒரு வரிசை காட்டும். அதில் எல்லாம் இருந்தது. அம்மாவின் முகம் இருந்தது. பதினொரு பாட்டின் பெயர் இருந்தது. பாடினவர் அலமேலு, தாலாட்டு, நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி என்பதுகூட இருந்தது. தட்டினால் சத்தம் வரவில்லை.

ருக்மிணி அக்கா மறுநாள் வந்து வெகுநேரம் பார்த்தாள். பாட்டுப் படம் படத்தையும் பெயரையும் மட்டும் தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொள்ளும், குரல் அதனிடம் எப்போதும் இருந்ததில்லை என்றாள். அழித்ததை மீட்கும் சிடி ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். அழிந்த இடத்தின்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்திருந்தால் கொஞ்சமாவது கிடைத்திருக்குமாம். நான் அதன்மேல் முப்பது நாற்பது சிடி ஸ்லோகத்தை எழுதியிருந்தேன். எந்தப் படம் போகவேண்டும் என்று அழித்தேனோ அது தங்கிவிட்டது. எது தங்கவேண்டுமோ, அதன்மேல் என் பிரார்த்தனையை நானே கொட்டி மூடிவிட்டேன்.

"வைரஸ்னு சொல்லிடு. குழந்தை நீ, யார் என்ன கேக்கப்போறா" என்று அக்கா காதோடு சொன்னாள். சொல்லிவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சிலேட்டில் "போகட்டும்" என்று எழுதி, அதையும் உடனே கையால் அழித்தாள். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை.

பெரியம்மா வைரஸை நம்பவில்லை. உயிரோடு இருந்தவள் முகத்துக்குத் தான் பூப் போட்டதால்தான் பெட்டியில் இருந்த குரலையும் தெய்வம் எடுத்துக்கொண்டது என்று நம்பினாள். தெருவிலும் அப்படித்தான் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். பெரியம்மா அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பூவைத் தொடவில்லை. பூக்காரி வந்தால் உள்ளே போய்விடுவாள். கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அம்மாகிட்டே போய் என்ன மூஞ்சியை வெச்சுண்டு நிப்பேன்" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு மழைக்கால இடியில் எரிந்து, பழைய இரும்புக்காரனோடு போயிற்று. ருக்மிணி அக்கா கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அப்பாவும் இல்லை. எனக்கு இப்போது புருஷன் உண்டு, ஒரு பெண் உண்டு, தினமும் இரண்டு வேளை விளக்கேற்றுகிறேன். பகவதியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அது கிடைத்தது என்று ஒரு நாளும் மனசுக்குத் தோன்றினதில்லை. என் பெண்ணின் கைபேசியில் எந்தப் பாட்டுக்கும் படம் வருகிறது, அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவள் பிறந்த புதிதில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அந்தத் தாலாட்டைப் பாட வாயைத் திறந்தேன். குளம் வரும் என்பது ஞாபகம் இருந்தது, மெட்டு வரவில்லை. அம்மாவின் முகத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்லமுடியாது.

வலியசாலையில் எங்களை அறிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பூ வைத்து ஒரு பெண்ணின் குரலைப் போக்கடித்தவள் என்று பெரியம்மாவின் கதை அங்கே இன்னும் நடமாடுகிறது. போன மாதம் ஒரு சீமந்தத்தில் என் காதாலேயே கேட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரங்கி எதையும் குறைக்க வேண்டாம், சின்னக் குழந்தைதானே என்று ஒரு வார்த்தை சேர்க்கவும் வேண்டாம். பெரியம்மா பூப் போட்டாள். அழித்தது நான். இந்த இரண்டையும் இதே வரிசையில், இப்படியே சொல்லுங்கள்.