திருப்பும் சீட்டு

மாமல்லபுரத்தில் நான் சர்வராக இருந்த ஹோட்டலுக்கு மாதம் ஒருமுறை வருவார், விவாகரத்தான ஒருவர். கோர்ட்டு அனுமதித்த நேரத்தில் மகளோடு ஊனோ என்ற சீட்டாட்டம் ஆடுவார்; கைச்சீட்டு முதலில் தீர்ந்தவருக்கு ஜெயம். இரண்டு பக்கமும் அச்சடித்த சீட்டு; அவள் சீட்டின் பின்பக்கம் எதிரே இருக்கும் இவருக்குத் தெரியும். அவளிடம் ஒரே சீட்டு மிஞ்சும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃப்ளிப் சீட்டைப் போடுவார். எல்லாச் சீட்டையும் திருப்பி, பின்பக்கத்தில் ஆட வேண்டும். அவளுடையது கீழே கிடக்கும் சீட்டோடு சேராது, மறுபடி சீட்டு எடுப்பாள்.

அவள் கைகழுவப் போனபோது, "ஒருவாட்டி ஜெயிக்க வுடுங்களேன் சார்" என்றேன்.

"ஆட்டம் முடிஞ்சா கெளம்பிடுவா அண்ணாத்த. அவங்கம்மா காரு வெளிய நின்னுகினு கீது."

அடுத்த மாதம் அவள் சீட்டைத் தொடவில்லை. "நீ என்னை ஜெயிக்கவே வுடமாட்டப்பா" என்று எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

காரணத்தை அவர் அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவரோ சீட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.