சட்னிக்கு உப்பு

நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்தில், மாதையன் டீக்கடையை ஒட்டி ராயம்மாள் பஜ்ஜி போட்டு வந்தாள். வாழைக்காய், கத்தரிக்காய், மிளகாய், எது அகப்படுகிறதோ அது. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது கூட வைக்கும் நிலக்கடலைச் சட்னிதான். அரைத்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். அவள் நாக்கு ஒப்பாத சட்னி கடைக்கு வராது.

எண்பத்தாறாம் வருஷத் தவக்காலத்தில் அந்த நாக்கை அவள் கட்டிப்போட்டாள். புருஷன் சின்னப்பனுக்குத் தொண்டையில் புற்று. பெரியாஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் பிழைக்க வேண்டும் என்று மாதா முன்னால் நேர்ந்துகொண்டாள்: ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைச் சோறு, மற்றபடி தண்ணீர். ஒரு சொட்டுச் சட்னி பட்டாலும் நேர்ச்சை முறிந்தது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். சாமியாரைக் கேட்கப் பயம். கேட்டால் சுலபமாக்கிவிடுவார்.

அதனால் கரண்டி சின்னப்பனிடம் போயிற்று. அவர் கட்டிலில் ஒருக்களித்து, நுனியை நாக்கில் தொட்டு, கண்ணை மூடி யோசிப்பார்.

"இன்னொரு கல்லு உப்புப் போடு."

போடுவாள். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவர், அந்த நேரத்துக்கு மட்டும் குரலை உயர்த்துவார்.

ஒரு சாயங்காலம் மாதையன் கேட்டான். "ஏக்கா, உப்பளத்துல ஆட்டுக்கல்லு போட்டிருக்கியா? உன் சட்னியத் தின்னவன் என் தண்ணிப் பானையக் கவுத்துட்டுப் போறான். டீய எவன் குடிக்கறது?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு ருசி பாத்ததுப்பா."

சிரிப்பு நின்றது. மாதையன் கிளாஸ் கழுவத் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் உப்பே போடாமல் அரைத்துக் கரண்டியை நீட்டினாள். சின்னப்பன் கண்ணை மூடினார். திறந்தபோது அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னிக்கு அளவா இருக்குது. இப்படியே கொண்டு போ."

"செரிங்க."

அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். கரண்ட் வைத்ததில் அவர் நாக்கில் ருசியே செத்திருந்தது. இத்தனை நாளும் அவர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் உப்புச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு லூர்துமேரியைக் கூப்பிட்டுச் சுவைக்கச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கே கோயில் வாசலில் பேச்சாகும். அது அவர் காதுக்கும் வரும். உப்பில்லாத சட்னியைக் கடைக்குக் கொண்டுபோனாலும் அவர் காதுக்கு வரும். உப்பைப் போட்டுக் கலக்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு நக்கினாள்.

உப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் முதலில் அவள் கை, அப்புறம் அவர் கரண்டி. "ஒரு கல்லு போடு" என்றால், "போட்டுட்டேங்க" என்று உப்பு ஜாடியின் மூடியை அவருக்குக் கேட்கும்படி தட்டுவாள். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் கரண்டியை நீட்டியபோது அவர் வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து, ஈஸ்டரும் போய், அவள் மறுபடி கடை போட்டாள். பஜ்ஜி உப்பி மிதந்தது. சட்னித் தூக்கைத் திறந்து மாதையனிடம் ஒரு கரண்டி நீட்டினாள்.

"உப்புப் பாத்துச் சொல்லுப்பா."

"நீ பாக்கலியாக்கா? இனி உனக்கு விரதமில்லியே."

"விரதத்துல நான் பாத்ததே போதும்" என்றாள் ராயம்மாள்.